பஞ்சாங்கம் திட்டமாகாது

நம் ஊரில் நல்லிணக்கத்துக்கென்று ஒரு தன்னார்வக் குழு அமைக்கப் போகிறார்கள். குடியிருப்போர் நலச்சங்கங்களைச் சேர்ந்த சிலர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், ஒரு மருத்துவர். எல்லாரும் நல்லவர்கள், சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள். எல்லா மதத்தாரும் எல்லா மொழியாரும் குழுவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முதல் ஆண்டுக்கான வேலைத்திட்டத்தின் வரைவை எனக்கும் அனுப்பி, "ஐயா, படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கருத்து நீளமாகிவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன். நம் வாசகர்களும் இதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்.

வரைவு இரண்டு பக்கம். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு நிகழ்ச்சி. தை மாதம் சமத்துவப் பொங்கல். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் நீர்மோர்ப் பந்தல். நோன்பு மாதத்தில் இஃப்தார். ஜூலை 14க்கு விளக்கு ஊர்வலத்தில் பங்கேற்பு. நவம்பர் 1 விடுதலை நாளுக்குப் பேரணி. டிசம்பரில் கேக். நடுவே காலியாகக் கிடந்த மாதங்களில் ஓவியப் போட்டி, உணவுத் திருவிழா, நடைப்பயணம். கடைசியில் ஒரு குழுப் படம்.

இதற்குப் பெயர் திட்டம் அல்ல, பஞ்சாங்கம். பஞ்சாங்கத்தில் தேதி இருக்கும், திதி இருக்கும், நல்ல நேரம் இருக்கும். எந்த வீட்டில் என்ன குறை என்பது இருக்காது. இந்த ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தெருவில் யாருக்கு வீடு கிடைப்பதில்லை, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் ஓரமாக உட்கார வைக்கப்படுகிறது, எந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் வருவதில்லை என்று வரைவில் ஒரு வரிகூட இல்லை. நல்லிணக்கத்துக்குக் குழு அமைக்கிறோம் என்றால் எங்கோ இணக்கம் இல்லை என்று பொருள். அந்த இடம் எது என்று முதலில் எழுத வேண்டாமா?

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். திருவிழாக்களுக்கு முன்னால் கூட்டப்படும் அமைதிக் கூட்டங்கள் பலவற்றுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான். நடுவில் அதிகாரி, வலப்பக்கம் ஒரு மதத்தார், இடப்பக்கம் இன்னொரு மதத்தார், எதிரில் காவல்துறை. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், எங்கே மேளத்தை அடக்கி வாசிக்க வேண்டும் என்று பேசி முடிவெடுப்பார்கள். பிறகு டீ, மிக்சர். 'அனைவரும் ஒத்துழைப்பு நல்குவதாக உறுதியளித்தனர்' என்று நான் கடைசி வரி எழுதுவேன். அந்தக் கூட்டங்கள் வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு நாளை அவை காப்பாற்றின. ஆனால் அடுத்த ஆண்டுக் கோப்பைத் திறந்தால் அதே பெயர்கள், அதே தெரு, அதே தகராறு, அதே கடைசி வரி. நடுவிலே கிடந்த முந்நூற்றுச் சொச்சம் நாளில் அந்த இரு தரப்பாரும் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். தேதியிலிருந்து தொடங்கும் குழு தேதியோடு முடிந்துவிடும்.

அடுத்தது, குழுவில் யார் உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வி. வரைவின்படி 15 பேர். இந்துக்கள் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை, கிறித்தவர்கள் இத்தனை, பிற மொழியார் இத்தனை என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கட்டம் புதிதல்ல. நம் பாட்டன்மார் இதற்கு 'லிஸ்த்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1880ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் வந்தன. வாக்காளர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியரும் அவர் வழித்தோன்றல்களும் ஒரு லிஸ்த், இந்தியர் இன்னொரு லிஸ்த். விரல் விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்காரர்களுக்குப் பாதி இடம். ஊர் முழுக்க இருந்த தமிழர்களுக்குப் பாதி இடம். 1881 ஆணைப்படி, தம் சாதி சமய வழக்குச் சட்டங்களை விட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை லப்போர்த் ஆனது அப்போதுதான். ஒடுக்கப்பட்டவர்களும் கிறித்தவர்களும் பலர் அந்த வழியில் போனார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று நம்பிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1884இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு லிஸ்த். ஆக மூன்று. 1899இல் மறுபடி இரண்டாக்கினார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றிய சில ரெனோன்சான்களுக்கு மட்டும் முதல் லிஸ்த்தில் இடம், மற்றவர்கள் இரண்டாவதில். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் இந்த ஏற்பாடு ஒழிந்து, ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே வாக்கு வந்தது.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், லிஸ்த் போட்டவர்களும் அன்றைக்கு நல்ல காரணம்தான் சொன்னார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குரல் வேண்டும் என்றார்கள். விளைந்தது வேறு. ஒவ்வொரு லிஸ்த்துக்கும் ஒரு பெரிய மனிதர் முளைத்தார். அந்தப் பெரிய மனிதர்களைப் பிடித்தால் போதும், ஊரைப் பிடித்துவிடலாம் என்றாயிற்று. தெருவில் இருப்பவன் தன் பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து ஒரு கோரிக்கை வைக்க வழியில்லை. அவன் ஒரு லிஸ்த், இவன் ஒரு லிஸ்த். நம் நண்பர்களின் 15 கட்டத்திலும் அதுதான் நடக்கும். ஒரு மதத்துக்கு ஒருவர் என்று உட்கார்ந்தவர் தன் மதத்துக்காகத்தான் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரை அனுப்பியவர்கள் அடுத்த முறை வேறு ஆளை அனுப்புவார்கள்.

கட்டத்துக்குள் வராதவர்களை எண்ணிப் பாருங்கள். குருசுக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீனவப் பெண் எந்தக் கட்டம்? சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார், ஒடிசாப் பையன்கள் எந்தக் கட்டம்? விடியற்காலை நம் குப்பையை அள்ளுகிறவர்கள்? இருளர்கள் புதுச்சேரியின் பழங்குடிப் பட்டியலில் ஏறியதே 2016இல்தான். அவர்களை யார் அழைக்கப் போகிறார்கள்? 'பிற மொழியார்' என்று போட்டிருக்கும் ஓர் இடத்தில், பல ஆண்டுகளாக நேரு வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு சேட்டுதான் உட்காருவார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் கட்டடத்தில் சாரம் கட்டும் ஒடியாத் தொழிலாளியின் கூலித் தகராறு அவருக்குத் தெரியாது.

குழுக்களே பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பிவண்டியைப் பாருங்கள். மும்பைக்குப் பக்கத்தில் விசைத்தறி ஊர். 1970இலும் 1984இலும் அங்கே பெரிய மதக் கலவரங்கள் நடந்தன. 1988இல் சுரேஷ் கோப்டே என்ற காவல்துறை துணை ஆணையர் அங்கே வந்தார். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சுமார் 70 மொகல்லா கமிட்டிகள், அதாவது தெருக் குழுக்கள், அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் மதத் தலைவர்கள் அல்ல. அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் சாதாரண ஆட்கள். வண்டிக்காரர், தறிக்காரர், ஆசிரியர் என்று. அடிக்கடி கூடினார்கள். பேசியது பெரும்பாலும் மதத்தைப் பற்றி அல்ல. அக்கம்பக்கத்துச் சண்டை, தெருவின் அன்றாடத் தொல்லை. காவலரும் அவர்களோடு உட்கார்ந்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பக்கத்தில் மும்பை எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. வதந்தி வந்தால் யாரைக் கேட்பது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நான்கு ஆண்டுகள் சின்னச் சின்னத் தொல்லைகளைச் சேர்ந்து தீர்த்துப் பழகியவர்கள், பெரிய ஆபத்து வந்தபோது சேர்ந்து நின்றார்கள்.

அங்கேயும் எண்ணிக்கை பார்த்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தார்கள். ஆனால் யாரும் தன் மதத்தின் சார்பாக அங்கே அனுப்பப்படவில்லை. தன் தெருவின் ஆளாக உட்கார்ந்தார்கள். இரு தரப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, இரு தரப்பாகவே உட்கார வைப்பது வேறு.

வரைவை எழுதிய நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் சொன்ன மறுப்புகள் இரண்டு. இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"திருவிழாவில்தானே சார் மக்கள் கலக்கிறார்கள்" என்பது முதல் மறுப்பு. உண்மைதான். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார்; இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அதே வில்லியனூரில் மாதா கோவில் திருவிழாவுக்கு எல்லாச் சாதி மதத்தாரும் போகிறார்கள். மாசி மகத்துக்கு எத்தனையோ ஊர்ச் சாமிகள் வைத்திக்குப்பத்துக் கடலுக்கு வருகின்றன. இவை எல்லாம் எந்தக் குழுவும் இல்லாமலே நடந்து வந்தவை. அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். நாம் போய்ப் பந்தல் போட்டுப் பதாகை கட்டுவதால் கூடுதலாக ஒன்றும் நடக்கப் போவதில்லை. திருவிழாவில் தோளோடு தோள் உரசியவர்கள் மறுநாள் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நம் வரைவில் என்ன வேலை வைத்திருக்கிறோம்?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "தெரு, சாக்கடை, தண்ணீர் எல்லாம் நகராட்சி வேலை. நாங்கள் தன்னார்வலர்கள். எங்களுக்கு என்ன அதிகாரம்?" என்றார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

நகராட்சி வேலைதான். ஆனால் நகராட்சியில் யார் இருக்கிறார்கள்? அதிகாரிகள் இருக்கிறார்கள். கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை. 1968இல் ஒரு தேர்தல். அதற்கு 38 ஆண்டு கழித்து, நீதிமன்றப் படியேறி, 2006இல் ஒரு தேர்தல். 2011இல் அந்தக் காலம் முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. 2021இல் அட்டவணை அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்காகி நின்றுவிட்டது. 1968இல் வாக்களிக்க 21 வயது வேண்டும். எனக்கு அப்போது அந்த வயது இல்லை. ஆக, எழுபது தாண்டிய நான் என் ஊர் நகராட்சிக்கு ஒரே ஒரு முறை வாக்களித்திருக்கிறேன். இன்று முப்பது வயதில் இருப்பவர் ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் கட்டாயம் என்கிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகராட்சியில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை அந்த மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டது. கமிட்டி எங்கே?

கடற்கரைச் சாலை மேரிக் கட்டடத்தைப் பாருங்கள். 1870களில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய சாயல் மாறாமல் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். தூண், வளைவு, எல்லாம் அப்படியே. மேரி வந்துவிட்டது, உள்ளே உட்கார மேர் இல்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடியவர்கள் 178 பேர்; 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அந்த 178 பேரில் பிரதிநிதி சபை உறுப்பினர்களோடு நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். நகராட்சி உறுப்பினர்கள் வாக்களித்து இந்த ஊரை இந்தியாவில் சேர்த்தார்கள். அந்த நாளுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறோம்.

இந்த நிலையில் ஒரு தன்னார்வக் குழு வந்து பொங்கலும் கேக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? அதிகாரிகளுக்கு வசதியாகிவிடும். "மக்களைக் கலந்துகொண்டீர்களா?" என்று யாராவது கேட்டால், "எல்லாச் சமூகத்தாரும் அடங்கிய குழு இருக்கிறதே, அவர்களைக் கேட்டோம்" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அந்த வரியை எழுதும் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் பிறந்த குழு, தேர்தல் இல்லாத குறையை மூடும் திரைச்சீலையாகிவிடும். நண்பர்களுக்கு இது புரிய வேண்டும். குழு முதலில் எழுத வேண்டிய தீர்மானம், தன் வேலை நகராட்சியின் வேலைக்கு மாற்று அல்ல, நகராட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்பதுதான். அதைத் தீர்மானமாக எழுதத் தயங்குகிற குழு வேறு எதைத் துணிந்து சொல்லும்?

சரி, குறை சொல்லிவிட்டு நிறுத்துவது எளிது. திட்டத்தை எப்படிப் போடலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன்.

ஆட்களை எடுப்பதில் ஒரு பாதியைக் குலுக்கலில் எடுங்கள். சிரிக்க வேண்டாம். பிரான்சில் 2014 பிப்ரவரி 21ஆம் தேதிச் சட்டத்தால், வறுமை மிகுந்த சுமார் 1500 குடியிருப்புகளுக்குக் குடிமக்கள் குழுக்கள் ஏற்பட்டன. 'கொன்செய் சித்துவாயேன்' என்பார்கள். அதில் ஒரு பிரிவு குடியிருப்பவர்கள், இன்னொரு பிரிவு சங்கங்களும் அங்கே தொழில் செய்பவர்களும். குடியிருப்பவர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சமம். அரசாங்கத்தின் கைக்கு அடங்காமல் இயங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எல்லாக் குழுவும் நன்றாக நடந்துவிடவில்லை. ஆள் வராமல் வாடிப் போனவை அங்கேயும் உண்டு. ஆனாலும் குலுக்கலின் நன்மை ஒன்று: சீட்டில் பெயர் வந்தவர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்ல. எந்த மதத்துக்காகவும் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வாக்காளர் பட்டியலில் குலுக்கினால் வெளிமாநிலத் தொழிலாளி விடுபட்டுப் போவார். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் வீடு வீடாக எண் போட்டுக் குலுக்குங்கள். வாடகை அறையும் ஒரு வீடுதான்.

முதல் மூன்று மாதம் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். போய்க் கேளுங்கள். ரேஷன் கடை வாசல், மீன் மார்க்கெட், பேருந்து நிலையம், சேதராப்பட்டில் வேலை விடும் நேரம். ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த ஊரில் உங்களை எங்கே ஒதுக்குகிறார்கள்?" சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாம் நினைத்தது ஒன்றாகவும் அவர்கள் சொல்வது ஒன்றாகவும் இருக்கும்.

நான்காம் மாதம் அதில் நான்கே நான்கு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு, எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்தில் மனு என்று நான்கு பத்தி போடுங்கள். மனு கொடுத்தால் வரவுப் பதிவு எண் வாங்காமல் வராதீர்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு.

கூட்டத்தைக் கடற்கரைச் சாலை ஓட்டலில் வைக்காதீர்கள். ஒரு மாதம் குருசுக்குப்பம், ஒரு மாதம் முல்லா வீதிப் பக்கம், ஒரு மாதம் இலாசுப்பேட்டை என்று மாற்றி மாற்றி வையுங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே கறுப்பர் பகுதி என்று கோடு போட்ட ஊர் இது. வாய்க்காலைத் தாண்டி நடப்பதே குழுவின் முதல் வேலை. நேரம், இரவு ஏழு மணிக்கு மேல். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நம்மைப் போல் பென்ஷன் வாங்குகிறவர்கள்தான் வருவார்கள்.

நடவடிக்கைக் குறிப்பைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி, கூட்டம் நடந்த தெருவிலேயே ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் செய்ததைப் பற்றிப் புத்தகம் போடுவதற்கு முன், செய்ய முடியாமல் போனவற்றின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் உறுப்பினராக இருக்க வேண்டாம், தலைவர் உட்பட. குறிப்பாகத் தலைவர்.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. உணவுத் திருவிழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி போதும். மீதியில், கூட்டத்துக்கு வருவதற்காகக் கூலியை விட்டுவிட்டு வருகிற ஆளுக்குப் பஸ் கட்டணமும் டீயும் கொடுக்கலாம். நமக்குத் தன்னார்வம் என்பது ஓய்வு நேரம். அவர்களுக்கு அது அரை நாள் சம்பளம்.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1968இல் வாக்களித்தவர்கள், அந்தக் காலத்துக் கவுன்சிலர்களை அறிந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். உங்கள் தெருவுக்கு எந்தக் கவுன்சிலர் என்ன செய்தார், செய்யாவிட்டால் யார் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்பதை நான்கு வரி எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். வந்தவற்றை எல்லாம் தொகுத்து, வரைவுக்கான என் பதிலோடு சேர்த்து அந்த நண்பர்களுக்கு அனுப்புகிறேன். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் ஒரு தெரு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.